சக்கர நாற்காலி மறைத்த எண் பலகையும் மூன்று அபராதச் சீட்டுகளும்

அனுப்புநர்:
‘நம்பர் மாமா’ என்று அழைக்கப்படும் எண் பலகைக் கடைக்காரர்
(பதிவேட்டில் உள்ள பெயரைக் கையொப்பத்தில் காண்க),
கடை எண் 4, வாகனப் பதிவு அலுவலக வாயிலுக்கு எதிர் வரிசை.

பெறுநர்:
ஓட்டுநர் உரிம விசாரணை அதிகாரி அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: ஒரே காரின் எண் பலகைக்கு மூன்று இடங்களில் மூன்று விதமாக அபராதம் விதித்தது – அதன் பேரில் என் தங்கை மகளின் ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைக்க உத்தேசித்திருப்பது – வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன் இம்மனுவைக் கடைசி வரி வரை படித்தருளக் கோருவது – தொடர்பாக.

பார்வை: அபராதச் சீட்டுகள் மூன்று; விசாரணை அறிவிப்பு ஒன்று (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சக்கர நாற்காலிக்கான ஸ்டாண்டில் வெல்டர் கடைசிப் பற்று வைத்துவிட்டு முகக் கவசத்தைத் தூக்கிய அதே நிமிடத்தில், காரின் பின்பக்கம் நின்றுகொண்டு சொன்னேன்: நம்பர் மறையும், வழியில் நிறுத்துவார்கள், ஒரு சீட்டு இன்னொரு சீட்டைக் கூட்டிக்கொண்டு வரும், கடைசியில் லைசென்சில் வந்து நிற்கும். நான்கு சொன்னேன். நான்கும் சொன்ன வரிசையிலேயே நடந்தன. வெல்டரைக் கேட்டால் முதல் ஒன்றை மட்டும்தான் நான் சொன்னதாகச் சொல்வார். நாள் முழுக்க இரும்பு அறுக்கிற சத்தத்தில் இருக்கும் மனிதர். மற்ற மூன்றும் அவர் காதில் விழுந்திருக்காது.

2. என்னைப் பற்றித் தாங்கள் அறிந்திருப்பீர்கள் எனினும் பதிவுக்காக எழுதுகிறேன். தங்கள் அலுவலக வாயிலுக்கு நேர் எதிரில் இருபத்தாறு ஆண்டுகளாக எண் பலகைக் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் ஓடும் வண்டிகளில் பாதி என் கை பட்ட எண்ணோடு ஓடுகின்றன. மீதிப் பாதி கோணலான எண்ணோடு ஓடுகின்றன. எழுத்தின் உயரம் எவ்வளவு, இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, ரிவெட் எந்த மூலையில் அடித்தால் மழைத் தண்ணீர் தேங்காது என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் படிப்பை விடவில்லை. வாகனச் சட்டப் புத்தகத்தை இரண்டு முறை பின்னாலிருந்து முன்னால் படித்திருக்கிறேன். தண்டனைகள் பின்னால்தான் இருக்கின்றன. தங்கள் அலுவலகக் காவலாளி முதல் மேலதிகாரி வரை எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள், நான் சொன்னால் அங்கே வேலை நடக்கும் என்று வீட்டிலும் வெளியிலும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். பின்னால் இது தேவைப்படும் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

3. இம்மனு எனக்காக அல்ல; என் உடன்பிறந்த தங்கையின் மகளுக்காக. எனக்கு மருமகள் முறை. வயது முப்பத்திரண்டு. இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேன் ஓட்டுகிறாள். பதினோரு மருத்துவமனைகளிலிருந்து இரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு, ஒரு குப்பி குலுங்காமல் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. ஒன்பது ஆண்டுகளில் இந்தச் சீட்டுகளுக்கு முன் அவள் பெயரில் ஒரு சீட்டு இல்லை. ஹாரன் அடிக்கக்கூடக் கூச்சப்படுவாள். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று சொல்லிக்கொள்வது உண்டு. உண்மையில் பயிற்சிப் பள்ளிக்காரர் கற்றுக்கொடுத்தார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து பிரேக் பிரேக் என்று கத்தினேன்.

4. என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் அவளுக்கு ஓர் இடம். வேலைக்குப் போகுமுன் மகள்தான் தன் சொந்தப் பழைய காரில் அழைத்துப் போய்ச் சேர்க்கிறாள். மதியம் கூடத்தில் அனுமதி கேட்டு வந்து திரும்ப அழைத்து வருகிறாள். இதற்கிடையில் என் தங்கையின் இடது கால் நடக்க மறுத்துவிட்டது. முதுகு சாய்கிற, கால் நீட்டி வைக்கிற சக்கர நாற்காலி வாங்கினோம். அது மடிந்தாலும் அரை ஆள் உயரம் இருக்கும். கார் எரிவாயுவில் ஓடுவது; டிக்கியில் பாதியை அதன் உருளை பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்சீட்டில் வைத்தால் பக்கக் கண்ணாடி தெரியாது. பின்சீட்டில் வைக்கலாம் என்றால், சுத்திகரிப்பு முடிந்து ஊசிகளைப் பிடுங்கிய பிறகு என் தங்கையால் உட்கார முடியாது, படுத்துத்தான் வருவாள். ஆகவே காரின் பின்புறம் இரும்பில் ஒரு ஸ்டாண்டு அடித்து, அதில் நாற்காலியை மாட்டினோம். மாட்டியதும் எண் பலகை நாற்காலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. முதல் பத்தியில் நான் சொன்னபடியே.

5. முதல் சீட்டு: செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால், நீர்த்தொட்டிச் சந்திப்பு. எழுதியவர் பெரிய மீசை வைத்த காவலர். பின்னாலே நம்பர் எங்கே என்று கேட்டார். என் மருமகள் இறங்கி நாற்காலியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். தூக்கினால் தெரிகிறது, ஓடும்போது யார் தூக்கிக் காட்டுவது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ‘எண் பலகை மறைக்கப்பட்டது’ என்று எழுதினார். அந்தச் சீட்டின் மேல் எங்களுக்கு வழக்கில்லை.

6. இனி, அனுமதி. மறுநாள் புதன்கிழமை காலை நான் நேரில் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முதல் மாடி, நடைவழியின் கடைசி அறை. கதவைத் தட்டுமுன்பே உள்ளேயிருந்து “வாங்க மாமா” என்று குரல் வந்தது. சாம்பல் நிறச் சட்டை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, மேசையில் பாதி குடித்த தேநீர். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். காரின் பின்புறத்தை அளவோடு என் கைப்பட வரைந்து கொண்டுபோயிருந்தேன், அதை விரித்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாற்காலி ஸ்டாண்டுலயே பலகையை மாட்டிடுங்க மாமா. நம்பர் தெரியணும், அவ்வளவுதானே. யாராவது கேட்டா ஆபீஸ்ல சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க” என்றார். எழுத்தில் கேட்டேன். உங்களுக்கு எதற்கு எழுத்து என்று சிரித்தார். தேநீர் வரவழைத்தார். எனக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

7. அன்று மாலையே பலகையைக் காரிலிருந்து கழற்றி ஸ்டாண்டின் பின்கம்பியில் மாட்டினேன். நாற்காலி இருந்தாலும் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும். வியாழன் காலை நீர்த்தொட்டிச் சந்திப்பில் அதே மீசைக்காரர் குனிந்து, பலகையை ஆட்டிப் பார்த்து, இப்போதுதான் சரியாக இருக்கிறது, போங்கள் என்று அனுப்பினார். அங்கிருந்து பன்னிரண்டு நிமிடம் ஓட்டினால் பாலத்தடிச் சந்திப்பு. அங்கே வெள்ளைக் கையுறை போட்ட பெண் காவலர் நிறுத்தினார். பலகை காரின் உடம்பில்தான் இருக்க வேண்டும். கழற்றக்கூடிய ஸ்டாண்டில் இருந்தால் நாளைக்கு அந்த ஸ்டாண்டைத் தூக்கி வேறு காரில் மாட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டார். என் மருமகள் முதல்முறையாக, என் மாமா அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார் என்று சொன்னாள். எழுத்தில் இருந்தால் காட்டுங்கள் என்றார் அவர். இல்லை. இரண்டாம் சீட்டு: ‘எண் பலகை உரிய இடத்தில் இல்லை.’ ஐயா, பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒரு கார் சட்டப்படியும் ஓடியிருக்கிறது, சட்டத்தை மீறியும் ஓடியிருக்கிறது. இடையில் காரில் மாறியது எரிவாயு அளவு காட்டும் முள் ஒன்றுதான்.

8. ஒருவருக்கு வெளியே தெரிய வேண்டும். இன்னொருவருக்குக் காரின் உடம்பில் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நல்லவர்களாக இருப்போம் என்று, அதே எண்ணில் இன்னொரு பலகையை என் கடையில் நானே செய்தேன். பழையதைப் பழைய இடத்திலும் புதியதை ஸ்டாண்டிலும் மாட்டினேன். சனிக்கிழமை மீசைக்காரர் கை காட்டிவிட்டார். கையுறைக்காரர், “இது பரவாயில்ல” என்றார். அடுத்த செவ்வாயும் அப்படியே போயிற்று. தலைவலி தீர்ந்தது என்று என் தங்கை தெருவில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டாள்.

அடுத்த வியாழன், மருத்துவமனை வாயிலுக்கு இருபது அடி முன்னால், புதிதாக மாற்றலாகி வந்த உதவி ஆய்வாளர் நிறுத்தினார். ஒரு வண்டிக்குப் பின்னால் எதற்கு இரண்டு பலகை என்று கேட்டார். ஒன்று பதிவுப்படி வந்தது. மற்றது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் மருமகள் மீசைக்காரரைச் சொன்னாள், கையுறைக்காரரைச் சொன்னாள், கடைசியில் என்னைச் சொன்னாள். முதல் மாடி, கடைசி அறை, சாம்பல் சட்டை, கண்ணாடி என்று நான் சொன்ன அடையாளமெல்லாம் வரிசையாகச் சொன்னாள். உதவி ஆய்வாளர் கெட்டவர் அல்லர். அங்கேயே தங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். முதல் மாடியின் கடைசி அறை பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் அறை, அங்கே மேசையே கிடையாது என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு மறுபடியும் அவளைக் கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் சீட்டு: ‘அனுமதியற்ற கூடுதல் எண் பலகை; மற்றும் காவலரிடம் வேண்டுமென்றே தவறான தகவல் அளித்தது.’ இந்தக் கடைசி ஆறு சொற்களால்தான், வெறும் அபராதமாக இருந்தது உரிமத்தை நிறுத்தும் அளவுக்கு வந்திருக்கிறது. உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை நாள் வரைக்கும் செல்லும் தற்காலிகச் சீட்டு கொடுத்தார்கள்.

அலுவலகங்களில் அறைகள் மாறுவது சகஜம், அந்த அதிகாரி அன்று அங்கே தற்காலிகமாக உட்கார்ந்திருக்கலாம் என்று நான் வீட்டில் விளக்கம் சொன்னேன். தங்கையும் அவள் மகளும் தலையாட்டினார்கள்.

9. பலகையைச் சோதிப்பதற்காக நாற்காலியை இறக்க வேண்டியிருந்தது. இறக்கிய நாற்காலியில் என் தங்கையை உட்கார வைத்து, வாயில் தூணின் நிழலில் நிறுத்தினார்கள். நிழல் நகர நகர மருத்துவமனைக் காவலாளி நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தார். மூன்று மணி நேரம் வெயிலில் வைத்தார்கள் என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். காவலாளியின் கடிகாரப்படி ஐம்பது நிமிடம். ஐம்பதே போதுமானதாக இருந்தது. எட்டு மணிக்குரிய இயந்திரத்தை எட்டேகாலுக்கு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேலும் குற்றமில்லை, அடுத்தவரும் நோயாளிதான். மறுநாள் பிற்பகல்தான் இடம் கிடைத்தது. அதற்குள் அவள் முகம் வீங்கிவிட்டது. விரல் பருத்து, மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினோம். ஒரு வாக்கியம் பேசி முடிக்க இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இந்தப் பத்தியில், அந்த மூன்று மணி நேரத்தைத் தவிர, நான் எதையும் கூட்டவில்லை.

10. எங்களுக்கு மட்டும்தானா இந்தக் கண்டிப்பு என்று அறிய, கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் காலை முழுக்க நீர்த்தொட்டிச் சந்திப்பில் நோட்டும் பேனாவுமாக நின்றேன். நானூறு வண்டிகளைக் குறித்தேன் என்று சொல்ல ஆசை. நோட்டில் இருப்பது அறுபத்து மூன்று. அவற்றில் பத்தொன்பது வண்டிகளின் பலகை சரியில்லை. ஒரு தண்ணீர் லாரியின் பலகையில் சேறு அப்பி, கடைசி எண் மட்டும் எட்டிப் பார்த்தது. விலை உயர்ந்த கறுப்புக் கார் ஒன்றில் எழுத்துகள் கல்யாணப் பத்திரிகையில் வருவது போல் வளைந்து நெளிந்து கிடந்தன. அந்தப் பலகை என் கடையில் செய்ததல்ல, கேட்டார்கள், மறுத்துவிட்டேன். ஒரு பார்சல் வண்டியில் பலகை கயிற்றில் தொங்கி, வேகத்துக்கு ஏற்ப ஊஞ்சல் ஆடியது. பத்தொன்பதில் நிறுத்தப்பட்டவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்றுக்குச் சீட்டு. இன்னொன்றுக்கு, நாளைக்குள் சரி செய்துவிடுங்கள் என்ற அறிவுரை. சீட்டு வாங்கியவர் செய்ததும் அறிவுரை வாங்கியவர் செய்ததும் ஒரே தவறு. காவலர்கள் வேண்டுமென்று செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலகை எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு சந்திப்பிலும் ஒவ்வொருவர் தலைக்குள் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. நாற்காலி ஸ்டாண்டு உள்ள கார் என்ன செய்ய வேண்டும் என்பது யார் தலைக்குள்ளும் இல்லை. புத்தகத்திலும் இல்லை, நான் தேடிவிட்டேன்.

11. ஆறு மாதம் உரிமம் இல்லை என்றால் என் மருமகளுக்கு வேன் இல்லை. வேன் இல்லை என்றால் கூடத்தில் அவளுக்கு வேறு வேலையும் இல்லை என்று மேலாளர் மரியாதையாகவே சொல்லிவிட்டார். வாரத்துக்கு மூன்று காலை என் தங்கையைக் கொண்டுபோக எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இருபத்தாறு ஆண்டுகளாக வண்டிகளுக்கு நம்பர் மாட்டுகிறவனுக்கு லைசென்ஸ் கிடையாது என்பதை இந்த மனுவில்தான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன்.

நேற்று மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்கென்று என் மருமகள் ஒரு சேலையை இஸ்திரி போட்டு நாற்காலிக் கையில் தொங்க விட்டிருந்தாள். விசாரணையில் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். போகும்போதும் வரும்போதும் படித்து மனப்பாடம் செய்கிறாளாம். முதல் வரி: ‘என் மாமா நேரில் சென்று அதிகாரியிடம் அனுமதி பெற்றார்.’ அதன் கீழே கோடு போட்டிருந்தாள். என் தங்கை கட்டிலில் சாய்ந்தபடி என்னைக் கேட்டாள்:

“அண்ணா, அந்த ஆபீசர் பேரு என்ன? பேரைச் சொன்னா இவளை நம்புவாங்கல்ல?”

மறந்துவிட்டது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் தங்கை என்னைப் பார்த்தாள். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். பிறகு மகளைப் பார்த்தாள். என் மருமகள் தாளைத் திரும்ப நேராக ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

“மாமா பத்தை நூறுன்னு சொல்லுவார்மா. இல்லாததை இருக்குன்னு சொல்ல மாட்டார்.”

அதன் பிறகு எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

12. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது. இரண்டாம் சீட்டையும் மூன்றாம் சீட்டையும் முதல் சீட்டோடு சேர்த்து மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு காவலர் சொன்னதைச் செய்ததற்கு இன்னொரு காவலர் தண்டித்திருக்கிறார் என்பது தெரியும். சக்கர நாற்காலி ஸ்டாண்டு மாட்டிய கார்களில் எண் பலகை எங்கே இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு முடிவை எழுத்தில் எடுத்து, எல்லாச் சந்திப்புக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள். காரின் மேல் என்றால் மேலே மாட்டுகிறோம், பக்கத்தில் என்றால் பக்கத்தில். இந்த ஊரில் இப்படிப்பட்ட ஸ்டாண்டு உள்ள கார்கள் இன்னும் ஏழு இருக்கின்றன. ஏழுக்கும் நான்தான் பலகை செய்தேன், இது கூட்டிச் சொல்வதல்ல. ஏழு பேரும் இப்போது நீர்த்தொட்டி வழியாகப் போவதா, பாலத்தடி வழியாகப் போவதா என்று என் கடையில் வந்து கேட்கிறார்கள். மூன்றாம் சீட்டில் உள்ள ‘வேண்டுமென்றே தவறான தகவல்’ என்பதை மட்டும் என் மருமகளின் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கான காரணத்தை அடுத்த பத்தியில் எழுதியிருக்கிறேன்.

13. ஆறாம் பத்தியைத் தாங்கள் படித்திருப்பீர்கள். அதை நான் அடிக்கவில்லை. அடித்துத் திருத்திய மனு செல்லாது என்று வாயிலில் உள்ள தட்டச்சுக்காரர் சொன்னதும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. அந்தப் பத்தியில் இருப்பது, அந்தப் புதன்கிழமை மாலை என் தங்கை வீட்டுக் கூடத்தில் நின்று நான் சொன்னது. சொல்லுக்குச் சொல் அதேதான். சாம்பல் சட்டையையும் இறங்கிய கண்ணாடியையும் சர்க்கரை குறைந்த தேநீரையும் படித்தபோது, கோப்பு அறை என்ற செய்தி எட்டாம் பத்தியில் வரும்வரை, தாங்களும் நம்பியிருக்கக்கூடும். என் மருமகளும் அப்படித்தான் நம்பினாள். அவளுக்கு எட்டாம் பத்தி வந்த பிறகும் நம்பிக்கை போகவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் புதன்கிழமை நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தது உண்மை. தரைத்தளத்தில் டோக்கன் எடுத்தது உண்மை, எண் எண்பத்தாறு. ஐம்பத்து நான்கு வந்தபோது மதிய இடைவேளை என்று கவுண்டர் கண்ணாடியை மூடினார்கள். வரைந்த படத்தைக் கண்ணாடி வழியாகக் காட்டினேன். உள்ளே இருந்தவர், நீங்கள் யார் என்று கேட்டார். எதிரில் கடை வைத்திருக்கிறேன் என்றேன். எந்தக் கடை என்று கேட்டார். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாலையில் தங்கை வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த அலுவலகத்தில் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள் என்று இருபத்தாறு ஆண்டுகளாகச் சொன்னதற்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக வேலை வந்திருந்தது.

எழுத்தில் உத்தரவு இல்லாமல் இரண்டாம் பலகை செய்தவன் நான். அதற்குக் கடை அனுமதியை ரத்து செய்ய வழி இருக்கிறது என்பதும் புத்தகத்தின் பின்பக்கத்தில் படித்தேன். அதற்கு நான் ஆட்சேபம் சொல்ல மாட்டேன். என் மருமகளுக்கு இந்த மனு பற்றி இன்னும் தெரியாது. இதைத் தங்கள் மேசையில் சேர்த்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுக்க வேண்டியவன் நான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு விசாரணை அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் உள்ளே வந்து இதையே வாயாலும் சொல்வேன்.

முதல் மாடியில் எனக்கு அனுமதி கொடுத்த அதிகாரி யாரும் இல்லை. மாடிப் படியில் நான் இதுவரை ஏறியதும் இல்லை. இந்த மனுவைக் கொடுக்கத்தான் இன்று முதல்முறையாக ஏறுகிறேன்.

இடம்: கடை எண் 4, அலுவலக வாயிலுக்கு எதிர் வரிசை
நாள்: புதன்கிழமை, காலை

உண்மையை மட்டும் எழுதிய கடைசிப் பத்திக்குக் கீழே,
(கையொப்பம்)
எண் பலகைக் கடைக்காரர்